அரக்கன் வருமுன் அறுபது பக்கம்: அறிவியல் திகில் படம் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

அறிவியல் திகில் படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், எழுதியதைத் திருத்தச் சொல்லும் ஸ்டூடியோ நிர்வாகிகளுக்கும், கடைசியில் கத்தரி பிடிக்கும் எடிட்டர்களுக்கும்,

வணக்கம்.

அரக்கன் பயமாக இல்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை. அரக்கனெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது; கிராபிக்ஸ்காரர்கள் வாங்கிய காசுக்கு வேலை செய்துவிடுகிறார்கள். அது வருவதற்கு முன்னால் உங்கள் கையில் ஐம்பது அறுபது பக்கம் இருக்கிறதே, அதைத்தான் பாழாக்குகிறீர்கள். விண்கப்பலில் பத்துப் பேர், பத்துப் பேரும் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள், ஒருவருக்கும் புத்தி கிடையாது. உயிரைக் காப்பாற்றப் போகும் கருவி கடைசிப் பத்து நிமிடத்தில்தான் முதன்முதலாகக் கண்ணில் படுகிறது. இல்லாவிட்டால் நேர் எதிர்: முதல் காட்சியிலேயே அந்தக் கருவிக்கு ஒரு க்ளோசப், கூடவே வயலின் ஒரு இழு இழுக்கும். பக்கத்து சீட்டுக்காரர் அங்கேயே கிளைமாக்ஸைச் சொல்லிவிடுவார்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். பின்னால் நடக்கப் போவதற்கு முன்கூட்டியே வைக்கும் ஒவ்வொரு லீடுக்கும், அதாவது ஒவ்வொரு முன்குறிப்புக்கும், அது வருகிற காட்சியிலேயே சொந்தமாக ஒரு வேலை கொடுங்கள். அந்த வேலை இருந்தால் பார்ப்பவர் அதைப் பார்த்தும் சந்தேகப்படமாட்டார். இல்லையென்றால் இரண்டே முடிவுதான்: ஒன்று, மாட்டிக்கொள்வீர்கள், இல்லை, மறந்துபோவார்கள்.

1979-இல் ரிட்லி ஸ்காட் இயக்கிய 'ஏலியன்' படத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் ஆஷ் என்ற அறிவியல் அதிகாரி மனிதனே இல்லை, கம்பெனி உள்ளே அனுப்பிய ரோபோ. இத்தனை வருடம் கழித்து இதைச் சொன்னதற்காக யாரும் சண்டைக்கு வரமாட்டீர்கள். டான் ஓபேனன் எழுதிய முதல் பிரதியில் அப்படியொரு ஆளே கிடையாது. வால்டர் ஹில்லும் டேவிட் கைலரும் திருத்தி எழுதும்போது சேர்த்தது. பின்னால் சேர்த்த பாத்திரம் என்றால் ஒட்டுப் போட்ட இடம் தெரிய வேண்டும். தெரியவில்லை. காரணம், ஆஷ் செய்யும் ஒவ்வொரு காரியத்துக்கும் அந்தந்த இடத்தில் நியாயமான வேறொரு அர்த்தம் இருக்கிறது.

வரிசையாகப் பாருங்கள். மர்ம சமிக்ஞை வந்தால் போய்ப் பார்த்தே ஆக வேண்டும், மறுத்தால் மொத்தப் பங்குப் பணமும் போய்விடும் என்ற ஒப்பந்த விதியை எடுத்துச் சொல்வது அவன்தான். அந்தக் காட்சி போனஸ் சண்டைக் காட்சி. கூலியில் பாரபட்சம் என்று என்ஜினியர் பார்க்கர் அதற்கு முன்பிருந்தே புலம்பிக்கொண்டிருப்பதால், நம் கண் முழுக்கப் பணத்தின் மேல் இருக்கிறது. அடுத்து, முகத்தில் ஒட்டிய பிராணியோடு கேன் என்ற சக ஊழியனைத் தூக்கி வருகிறார்கள். 24 மணி நேரத் தனிமைப்படுத்தல் விதியைச் சொல்லி கதாநாயகி ரிப்ளி கதவைத் திறக்க மறுக்கிறாள். ஆஷ் திறந்துவிடுகிறான். அந்த நேரத்தில் திரையரங்கில் இருப்பவர்கள் மனதளவில் ஆஷ் பக்கம். சாகக் கிடக்கிறவனை உள்ளே விடமாட்டேன் என்கிற ரிப்ளிதான் கல்நெஞ்சக்காரி. பிறகு சாப்பாட்டு மேஜையில் கேனின் மார்பைக் கிழித்துக்கொண்டு அது வெளியே வரும்போது, பார்க்கர் கத்தியோடு பாய்கிறான், தொடாதே என்று ஆஷ் தடுக்கிறான். அந்த ரத்தக் களேபரத்தில் அது எச்சரிக்கையாகத்தான் காதில் விழும். நடுவில் கேப்டன் டாலஸ் ஒரு வரி சொல்கிறான்: தன்னோடு ஐந்து முறை பயணம் செய்த அறிவியல் அதிகாரியைக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மாற்றிவிட்டு ஆஷை அனுப்பினார்கள் என்று. ஆபீஸ் அரசியல் மாதிரி ஒரு சலிப்போடு சொல்கிறான், அவ்வளவுதான். ஒரு இசையும் இல்லை, ஒரு க்ளோசப்பும் இல்லை.

எத்தனை லீட் வைத்தார்கள் என்பதை விட, ஒவ்வொன்றையும் எதற்குள் ஒளித்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பணத் தகராறு, இரக்கம், விஞ்ஞானியின் எச்சரிக்கை, மேலிடத்து அலட்சியம். நான்கும் நான்கு வேறு உணர்ச்சிகள். நான்கையும் ஒரே மாதிரி "மர்மப் பார்வை" ஷாட்டாக எடுத்திருந்தால் இரண்டாவதிலேயே ஆள் மாட்டியிருப்பான்.

இதெல்லாம் சினிமாவுக்கு மட்டும்தான், நிஜத்தில் ஆபத்து இப்படிச் சொல்லிக்கொண்டு வராது என்பவர்கள், 2013 ஜூலையில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் நடந்ததைப் படித்துப் பாருங்கள். ஜூலை 9-ஆம் தேதி விண்வெளி நடை முடிந்து திரும்பிய இத்தாலிய வீரர் லூக்கா பார்மிட்டானோவின் ஹெல்மெட்டில் தண்ணீர் இருந்தது. குடிநீர்ப் பை ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டினார்கள். ஹெல்மெட்டுக்குப் பக்கத்திலேயே குடிநீர்ப் பை இருக்கும்போது வேறென்ன நினைப்பார்கள்? ஒரு வாரம் கழித்து, 16-ஆம் தேதி, அதே உடையில் மறுபடி வெளியே போனார். சுமார் 44 நிமிடத்தில் தலைக்குப் பின்னால் ஈரம் என்று சொன்னார். எடையற்ற நிலையில் தண்ணீர் கீழே வழியாது. திட்டாகச் சேர்ந்து ஒட்டிக்கொண்டு ஊரும். அது காதை அடைத்து, கண்ணை மறைத்து, மூக்கு வரை வந்துவிட்டது. சூரியனும் மறைந்துவிட, பாதுகாப்புக் கயிற்றின் இழுவையை வைத்துத்தான் கதவுக்கு வழி தேடினார். உண்மையான காரணம் குளிரூட்டும் அமைப்பில் தண்ணீரையும் காற்றையும் பிரிக்கும் பகுதி அடைத்துக்கொண்டது. சுமார் ஒன்றரை லிட்டர் வரை கசிந்திருந்தது. அவர் உயிரோடு திரும்பினார்.

அரக்கனே இல்லாத திகில் கதை இது. முதல் தடவை வந்த தண்ணீர்தான் லீட். அதற்கு ஒரு சாதாரண விளக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, விவரம் தெரிந்தவர்களே அதை நம்பினார்கள். உங்கள் பாத்திரங்களும் இப்படி ஏமாறட்டும். படித்தவர்கள் தப்பு செய்யலாம், தாராளமாக. ஆனால் அந்தத் தப்பு, அவர்கள் கையில் அன்று இருந்த தகவலுக்குச் சரியான விடையாக இருக்க வேண்டும்.

இனி அரக்கனின் விதிகளுக்கு வருவோம்.

அது எதனால் சாகும், எதனால் சாகாது என்பது கிளைமாக்ஸுக்கு முன்பே பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பாடம் நடத்தக் கூடாது. வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் திரையைக் காட்டி "இதன் செல் அமைப்பு…" என்று ஆரம்பித்தால் அரங்கில் பாதிப் பேர் பாப்கார்ன் வாங்கப் போய்விடுவார்கள். 'ஏலியன்' என்ன செய்தது? கேன் முகத்தில் இருக்கும் பிராணியின் ஒரு விரலை அறுக்கிறார்கள். ரத்தம் சொட்டித் தளத்தைத் தின்றுகொண்டு அடுத்தடுத்த தளத்துக்கு இறங்குகிறது. எல்லோரும் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியின் சொந்த வேலை, கேனைக் காப்பாற்ற வழியில்லை என்று காட்டுவது. அதோடு, "ஏன் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளவில்லை?" என்று நாம் பின்னால் கேட்கப் போகும் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. சுட்டால் கப்பலில் ஓட்டை. அதனால்தான் மின்கோல், நெருப்பு என்று போகிறார்கள்.

இதைவிடக் கெட்டிக்கார வேலை 1982-இல் ஜான் கார்ப்பெண்டர் இயக்கிய 'தி திங்'. அண்டார்டிக் முகாமில் 12 பேர், யார் மனிதன், யார் மனித வேஷம் போட்ட உயிரி என்று தெரியாது. நாரிஸ் என்பவருக்குத் தலைமைப் பொறுப்பைக் கொடுக்கப் பார்க்கிறார்கள். என்னால் ஆகாது என்று ஒதுங்குகிறார். இன்னொரு இடத்தில் மார்பைப் பிடித்துக்கொள்கிறார். பார்ப்பவர் மனதில் பதிவது, பாவம் இதயக் கோளாறுக்காரர் என்பது. அதனால் அவர் விழுந்ததும் டாக்டர் மின் அதிர்ச்சி கொடுக்க ஓடிவருவது இயல்பாகிறது. மார்பு பிளந்து டாக்டரின் கைகளைக் கடித்துத் துண்டாக்குகிறது. பிறகு தலை தனியே கழன்று, கால் முளைத்து ஓடப் பார்க்கிறது. சுற்றி நிற்பவர்கள் வாயடைத்து நிற்க, கதாநாயகன் மெக்ரெடிக்கு மட்டும் ஒரு பொறி தட்டுகிறது: ஒவ்வொரு துண்டும் தனி உயிர் என்றால், ரத்தமும் தனி உயிர்தானே? சூடு வைத்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துள்ளாதா? அப்படித்தான் சூடான கம்பியால் ரத்தத்தைத் தொட்டுப் பார்க்கும் அந்தப் பெயர்பெற்ற சோதனை பிறக்கிறது. ஒரு அதிர்ச்சி, அடுத்த காட்சியின் விதியாக மாறுகிறது. நெஞ்சைப் பிடிப்பதில் ஆரம்பித்துக் கம்பி வரை ஒரே சங்கிலி. ஒரு கண்ணியை எடுத்தாலும் அடுத்தது நிற்காது.

அந்தப் படத்தின் தொடக்கத்தில் நாயைத் துரத்தி வரும் நார்வேக்காரர் கத்துவது வெறும் உளறல் இல்லை. அது நாயே அல்ல, விலகிப் போங்கள் என்று அவர் மொழியில் தெளிவாகத்தான் கத்துகிறார். நார்வே மொழி தெரிந்தவர்களுக்குப் பாதிப் படம் அங்கேயே முடிந்திருக்கும்! முகாமில் இருப்பவர்களுக்கோ, கையில் துப்பாக்கியோடு பைத்தியம் பிடித்த ஒரு அயலான். அதனால் அவரைச் சுட்டுவிடுகிறார்கள். அதுவும் அன்றைய தகவலுக்குச் சரியான விடைதான்.

1986-இன் 'தி ஃப்ளை' படத்தில் டேவிட் க்ரோனன்பெர்க் இதே வேலையை ஒரு மாட்டிறைச்சித் துண்டை வைத்துச் செய்தார். பொருளை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு அனுப்பும் இயந்திரம். இறைச்சியை அனுப்பிச் சமைத்துத் தின்றால் செயற்கையாக ருசிக்கிறது. கணினிக்குச் சதை என்றால் என்னவென்று புரியவில்லை, தானாக அர்த்தம் பண்ணிக்கொள்கிறது. காதல் காட்சி போலப் போய்விடும் இந்த இடம்தான், பின்னால் மனிதனோடு ஈயும் உள்ளே மாட்டியபோது கணினி இரண்டையும் ஏன் ஒன்றாகக் கலந்தது என்பதற்கு ஆதாரம்.

அடுத்து, முட்டாள்தனம். இதில்தான் எங்களுக்குக் கோபம் அதிகம்.

2012-இன் 'புரோமிதியஸ்' படத்தில் குகையை வரைபடமாக்கும் பறக்கும் கருவிகளை அனுப்பியவரே வழி தொலைந்து நிற்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முன் செத்த உடலைப் பார்த்து ஓடிய உயிரியல் வல்லுநர், சீறும் பாம்பு போன்ற ஒன்றைக் கண்டதும் செல்லம் கொஞ்சப் போகிறார். இரண்டும் திருத்த முடியாத ஓட்டைகள் அல்ல, ஆளுக்கு அரைப் பக்கம் போதும். வரைபடம் கப்பலின் திரையில்தான் தெரிகிறது, கருவியை அனுப்பியவரின் ஹெல்மெட்டில் அல்ல. புயலில் ரேடியோ அறுந்துவிட்டது என்று முன்கூட்டியே காட்டினால், கருவியை அனுப்பியவனும் தொலையலாம். உயிரியலாளர் ஓடியதைச் சொல்லி மற்றவர்கள் ரேடியோவில் கேலி செய்தால், அடுத்த முறை பயந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது என்ற வீம்பு அவருக்கு வந்திருக்கும். வீம்பில் கை நீட்டியவனை நாம் புரிந்துகொள்வோம். இதே படத்தில் ஒரு அருமையான லீடும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்: கப்பலில் வரும் கம்பெனி அதிகாரிப் பெண் ஒருத்தியின் உயிர்காப்புக் கலத்தில் இருக்கும் அறுவை சிகிச்சைப் பெட்டி ஆண் உடலுக்கு மட்டுமே அமைக்கப்பட்டிருக்கிறது. கேட்கும்போது பணக்காரத் திமிராகப் படும். பின்னால் அது கதாநாயகியின் அறுவையைச் சிக்கலாக்குகிறது. அதோடு கப்பலில் ஒளிந்திருக்கும் கம்பெனி முதலாளிக் கிழவரையும் காட்டிக்கொடுக்கிறது.

விதியை மீறும் காட்சி வேண்டுமா, மீறுங்கள். அப்பல்லோ 11 வீரர்களை நிலவுக் கிருமி பயத்தில் 21 நாள் கணக்கில் தனிமைப்படுத்தினார்கள். ஆனால் கடலில் இறங்கியதும் கலத்தின் கதவைத் திறந்துதானே அவர்களை வெளியே எடுத்தார்கள்? திறந்த அந்த நொடியிலேயே உள்ளிருந்த காற்று பசிபிக் காற்றோடு கலந்துவிட்டது. மிதக்கும் கலத்துக்குள் களைத்துப் போன மூன்று பேரை அடைத்து வைத்திருக்க முடியாது என்பது நியாயமான காரணம். விதி இருந்தது, அதை மீற அதைவிடப் பெரிய காரணமும் இருந்தது. உங்கள் கப்பல்காரர்கள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது "காற்று நன்றாக இருக்கிறதே" என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதில்லை. ஆக்சிஜன் அளவு சரியாக இருப்பதும் கிருமி இல்லாததும் இரண்டு வேறு சங்கதி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆள் தனியாகப் போவதற்கும் இதேதான். 'ஏலியன்' படத்தில் பார்க்கரின் உதவியாளன் பிரெட் ஏன் தனியாகப் போனான்? பூனையை அரக்கன் என்று நினைத்து ஏமாந்தார்கள். அதைப் பிடிக்காவிட்டால் அசைவுமானி மறுபடி பூனையையே காட்டும். அதனால் பூனையைத் தேடிப் போகிறான். காரணம் கருவியிலிருந்தே வந்தது.

இனி மேஜையில் உட்கார்ந்து செய்ய வேண்டியது. கடைசிக் காட்சியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: பார்ப்பவருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் தெரிகிறது, அந்தக் காட்சியின் சொந்த வேலை என்ன, அதைப் பார்க்கும் பாத்திரம் என்னவென்று தப்பாக நினைக்கிறது. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் உங்கள் லீட் அம்மணமாக நிற்கிறது என்று அர்த்தம்.

ஒரு உதாரணம். உங்கள் உயிரி சூட்டை உணர்ந்து வேட்டையாடுகிறது என்று வைத்துக்கொள்வோம். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம். 10-ஆம் பக்கத்தில் ஹீட்டர் கெட்டுப்போன அறையை ஜூனியர் தலையில் கட்டுகிறார்கள். அது பதவிச் சண்டை. 40-இல் உயிரி அந்த அறையைத் தாண்டிப் பக்கத்து அறைக்காரரைக் கொல்கிறது. எல்லோரும் அதிர்ஷ்டம் என்கிறார்கள். 65-இல் ஒருவர் காரணம் கண்டுபிடிக்கிறார், ஆனால் தப்பாக: அந்த அறைக் கதவு கனமானது என்று. நம்பி கனமான கதவுக்குப் பின்னால் ஒளிந்தவர்கள் சாகிறார்கள். 65-இலேயே சரியான விடையைச் சொல்லிவிட்டால் மீதி முப்பது பக்கமும் வெறும் செயல்முறை விளக்கமாகிவிடும்.

95-இல் கதாநாயகி ஹீட்டரை அணைக்கிறாள். உடனே நாங்கள் கேட்போம்: அவள் உடம்புச் சூடு? பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம் இது. விண்வெளி உடைக்குள் தண்ணீர் ஓடும் மெல்லிய குழாய்கள் பதித்த உள்ளாடை உண்டு. உடல் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். சரி, உடையை மாட்டிக்கொள்ளட்டும். ஆனால் அமெரிக்க உடைகளில் அந்தத் தண்ணீரைக் குளிர்விக்கும் பாகம், பனிக்கட்டியை வெற்றிடத்தில் ஆவியாக்கித்தான் வேலை செய்கிறது. காற்று இருக்கும் அறைக்குள் அது வேலை செய்யாது. ஆக, அவள் மறைய வேண்டுமென்றால் முதலில் அறையின் காற்றையே வெளியேற்ற வேண்டும். பக்கத்தில் உடையில்லாமல் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால்? 1966-இல் நாசாவின் வெற்றிடக் கூடத்தில் உடையில் கசிவு ஏற்பட்ட சோதனையாளர் சுமார் 14 விநாடியில் நினைவிழந்தார்; உடனே காற்றை நிரப்பியதால் பிழைத்தார். அவனைக் காப்பாற்ற உங்கள் கதாநாயகிக்கும் அத்தனை விநாடிதான். கிளைமாக்ஸ் தானாக எழுதிக்கொள்கிறது பாருங்கள், நிஜமான ஒரு பாகம் வேலை செய்யும் விதத்திலிருந்தே.

லீட் வைத்தபடியே பலிக்க வேண்டும் என்பதும் இல்லை. 1986-இல் ஜேம்ஸ் கேமரன் எடுத்த 'ஏலியன்ஸ்' இரண்டு வகையையும் காட்டுகிறது. ரிப்ளி சரக்குத் தூக்கும் இயந்திரத்தை ஓட்டுவது, அவளை ஏளனமாகப் பார்க்கும் சிப்பாய்களிடம் மரியாதை சம்பாதிக்கும் காட்சி. கடைசியில் அதே இயந்திரத்தோடு அரக்கர் ராணியை எதிர்க்கிறாள். இது நேர்வழி. இன்னொன்று, ஹிக்ஸ் என்ற சிப்பாய் அவளுக்குக் கொடுத்த இருப்பிடம் காட்டும் பட்டையை அவள் சிறுமி நியூட்டின் கையில் கட்டுகிறாள். காட்சியின் வேலை பாசம். கடைசியில் அந்தப் பட்டையின் சமிக்ஞையைத் துரத்திக்கொண்டு அரக்கர் கூட்டுக்குள் போனால், பட்டை மட்டும் தரையில் கிடக்கிறது. வைத்த லீடை நம்பி வந்தவர்கள் வயிற்றில் புளியைக் கரைத்துவிடுகிறார்.

எடிட்டர்களுக்கும் நிர்வாகிகளுக்கும். வேகம் போதவில்லை என்று முதல் அரை மணியில் கத்தரி வைக்கிறீர்கள். வெட்டுப்படுவது பெரும்பாலும் லீட்தான், ஏனென்றால் அங்கே "ஒன்றும் நடப்பதில்லை". 'ஏலியன்ஸ்' திரையரங்குப் பிரதியில் ரிப்ளியின் மகள் இறந்த செய்தி வெட்டப்பட்டது. அது இல்லாமலும் படம் நின்றது, நியூட்டோடு அவள் பழகும் காட்சிகள் நிறைய இருந்ததால். உங்கள் படத்தில் அந்த ஒற்றைக் காட்சியைத் தவிர வேறு தாங்கல் இல்லையென்றால் பலன் மட்டும் தனியே தொங்கும். ஆகவே நான்கு கட்டத் தாளின் ஒரு பிரதி எடிட்டிங் அறைச் சுவரிலும் இருக்கட்டும். ரீஷூட்டில் கிளைமாக்ஸை மாற்றினால், அன்றே பழைய லீட்களையும் எடுத்துவிடுங்கள். பலனில்லாத லீட் படம் முழுக்கக் கேள்வியாகவே தொங்கும். லீட் ஷாட்டை முகங்களும் வேறு பொருட்களும் இருக்கும் அகலமான ஃபிரேமில் வையுங்கள், அதை மட்டும் காட்டும் தனி இன்செர்ட்டாக வேண்டாம். இசையமைப்பாளரிடம் அந்த ரீலைக் கொடுக்கும்போது, அந்த இடத்தில் இசை வேண்டாம் என்று எழுதியே கொடுங்கள். டிரெய்லர் வெட்டும் கம்பெனிக்கு 80-ஆம் பக்கத்துக்கு அப்பால் ஒரு ஷாட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் ரசிகர்கள் சிலர்